நீலன் கரையேறிய பக்கம்

அக்கா,

நேற்று மத்தியானம் கடைத்தெருவுக்கு நூல்கண்டு வாங்கப் போனவள், வழியில் புத்தகக் கடை வாசலில் நின்றுவிட்டேன். நாம் இரண்டு பேரும் வாராவாரம் படித்த அந்தத் தொடர்கதை ஒரே புத்தகமாகக் கட்டி வந்திருக்கிறது. தடித்த அட்டை. உள்ளே பசை வாசனை இன்னும் போகவில்லை. கையில் எடுத்து நடுவில் பிரித்தேன். நீலனின் படகு கவிழும் இடம் வந்தது. அலை மூடியது, அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை என்று அச்சில் இருந்தது.

"இல்லையே, அவன் கரையேறினானே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னம்மா, பக்கம் ஏதாச்சும் விட்டுப்போயிருக்கா? வேற பிரதி தரட்டுமா?"

புத்தகத்தை வைத்துவிட்டு, நூல்கண்டும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுத்துத் தெரியாது. நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இது சரியா, பைத்தியக்காரத்தனமா என்று எனக்கே புரியவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம் நீ முதன்முதலாக என் வீட்டு வாசலுக்கு வந்தாய். நாங்கள் கத்தோலிக்கர்கள், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி சமைப்பதில்லை, மீன்தான். அதனால் பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு வரும் உனக்கு வெள்ளிக்கிழமைகளில் நான் நிச்சயமான வாடிக்கை. என் கணவர் பிரெஞ்சுப் படையில் சொல்தா, அதாவது சிப்பாய். அப்போது அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். குழந்தை இல்லை. ஓய்வு பெற்ற சிப்பாய்களின் குடும்பங்களுக்குப் பிரெஞ்சில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் தெருவில் எல்லாருக்கும் நான் 'எழுத்துக்கார மதாம்'.

ஒரு வெள்ளிக்கிழமை நீ சங்கரா மீனை அரிந்து கொடுத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்தாய்.

"மதாம், நீ எழுத்துக்காரிதானே? இத கொஞ்சம் படி."

கம்பவுண்டர் வீட்டில் படித்து முடித்த பத்திரிகை அது. அந்த வீட்டுப் பெண் உனக்கு வாராவாரம் கதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணமாகிக் காரைக்காலுக்குப் போய்விட்டாள். பத்திரிகை மட்டும் உனக்குக் கிடைத்தது. படிக்க ஆள் இல்லை.

"எனக்குத் தமிழ் அவ்வளவா படிக்க வராது" என்றேன்.

நீ நம்பவில்லை. "தமிழுதான பேசுற? பேசுறத படிக்கத் தெரியாதா?"

எப்படி விளக்குவது? நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவள். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் முன்னோர்களுக்கு மஞ்சள் முடி. பிரான்சின் ராஜாக்களை வரிசையாகச் சொல்வேன். தமிழ் எழுத்து எனக்குத் தெரிந்தது செபப் புத்தகத்தில் மட்டும். சரித்திரமாவது நடந்தது, கதை நடக்காதது, நடக்காததைப் படிப்பவர்கள் வேலை இல்லாதவர்கள் என்பது என் எண்ணம். இருந்தாலும் உன் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். எழுத்துக்கூட்டி இழுத்து இழுத்து நாலு வரி படித்தேன். நீ கையை நீட்டித் தடுத்தாய்.

"ஏன் பூசையில படிக்கிறாப்புல படிக்கிற? அங்க சண்ட நடக்குது. சண்ட மாதிரி படி."

எனக்குக் கோபம் வந்தது. எழுத்துத் தெரியாதவள் எனக்குப் படிக்கச் சொல்லித்தருவதா என்று. ஆனால் அடுத்த வரியைக் கொஞ்சம் சத்தமாகத்தான் படித்தேன்.

கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் எனக்காக எழுதுகிறேன். பழங்காலத்தில் நம் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். பெரிய சேனை வந்து மூன்று பக்கமும் வளைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கிற ஜனங்களுக்குச் சோறு இல்லை. நீலன் என்கிற படகோட்டி, எதிரியின் கப்பல்களுக்கு இடையில் புகுந்து நெல் மூட்டைகளைக் கொண்டுவருகிறான். ஒவ்வொரு தடவையும் அவன் மனைவி மதில் மேல் நின்று கடலைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதல் மாதம் முழுக்க நினைத்தேன்.

மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ, ஒரு புதன்கிழமை சோற்றைக் குழையவிட்டுவிட்டேன். அடுப்பைப் பார்த்தபடிதான் நின்றிருந்தேன். மனம் மட்டும் நீலனின் பாயைக் கிழித்த அம்பில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. படித்தவள், இருபத்தெட்டு வயதுக்காரி, இல்லாத ஒருவன் பிழைப்பானா என்று அடுப்படியில் நின்று கவலைப்படுகிறேன். அல்ஜீரியாவில் இருக்கிற என் புருஷனை நினைத்து அன்றைக்கு நான் கவலைப்பட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். படவில்லை. அது இன்னும் குழப்பமாக இருந்தது.

நீ வந்ததும் சொன்னேன். "இதெல்லாம் பொய்தானே அக்கா? அப்படி ஒரு நீலன் இருந்ததேயில்ல."

"இல்லாதவனுக்கா நீ சோத்தக் கொழைச்ச?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

முதலில் உன்னை 'நீ' என்றது வீட்டுத் திமிரில். 'அக்கா' என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அந்த அக்காவோடு சேர்ந்து வந்த 'நீ' வேறு.

அந்த நாட்களில் என் கணவரின் கடிதங்கள் மாதத்துக்கு ஒன்று வரும். எல்லாவற்றிலும் ஒரே செய்தி: நலமாக இருக்கிறேன், நலமா. அவற்றையும் சில சமயம் உனக்குப் படித்துத் தமிழில் சொல்வேன். "இவ்வளவுதானா? நம்ம நீலன் இதுக்கு மேல பேசுவானே" என்பாய். நான் காகிதத்தை நம்புகிறவள். சர்க்காரிடமிருந்து கெட்ட காகிதம் வராதவரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் என்பது என் கணக்கு. உன் கணக்கு வேறு. உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் பத்து வருஷம் ஆகியிருந்தது. உன் ஊரில் யாருக்கும் எந்தக் காகிதமும் வராது. நீங்கள் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இதை நீ ஒரே ஒரு தடவை, நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே சொன்னாய்.

அந்த ஐப்பசியில் நீலன் செத்தான்.

நான்தான் படித்தேன். நீ கூடையைப் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். முடித்து நிமிர்ந்தபோது உன் முகத்தில் ஒன்றும் இல்லை. சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் புயல் அடித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நீ வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ரிக்‌ஷா பிடித்து உன் ஊருக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் பனைமரங்கள் சாய்ந்து கிடந்தன. உனக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு போனேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துப் பத்திரிகை உன்னிடம் இருக்குமே என்கிற நினைப்பும் ரிக்‌ஷாவில் என்னோடு உட்கார்ந்திருந்தது. எது முன்னால் இருந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மணலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீ. நல்லபடியாக இருந்தாய். நான் வந்ததை நீ பார்க்கவில்லை. கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய்.

"படகு கவுந்துடுச்சி. ஆனா பலக ஒண்ணு மாட்டிக்கிச்சி கையில. உடுவானா? ஒரு நா, ரெண்டு நா. மூணாம் நா காத்தால ஆத்து மொகத்துல ஒதுங்கிட்டான். கரையேறிட்டான் நீலன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் படித்தது ஒன்று, இங்கே நடப்பது வேறு. ஒருவேளை அடுத்த இதழில் அப்படி வந்திருக்கிறதோ? இவளுக்கு யார் படித்துக் காட்டியிருப்பார்கள்? யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, அவன் செத்துட்டானே! நான்தானே படிச்சேன்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து, மடியிலிருந்த வலை மணலில் விழுந்ததுகூடத் தெரியாமல், குடிசைகளுக்குள் நடந்து போய்விட்டாள்.

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டுமரங்களுக்குப் பின்னால் போனாய். அவள் பெயர் அஞ்சலை என்றாய். அவள் புருஷன் புயலன்றைக்குப் போனவன், இரண்டு வாரமாக வரவில்லை என்றாய்.

"எனக்குத் தெரியாது அக்கா."

"தெரியாதுன்னா வாய மூடிக்கிட்டு நிக்கிறது. ஒன்ன யாரு கேட்டா?"

"ஆனா எழுதியிருக்கிறது அப்படித்தானே..."

"எழுதுனவன் வந்து இவ வாசல்ல ஒக்காருவானா? போ மதாம். வூட்டுக்குப் போ."

நான் வந்துவிட்டேன். நீ சொன்னதில் தப்பில்லை. நான் சொன்னதிலும் பொய்யில்லை. பிறகு ஏன் அவ்வளவு அவமானமாக இருந்தது? ஒன்றை மட்டும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். அது வெறும் அவசரம் இல்லை. நீலன் செத்ததிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. நான் இவ்வளவு வேதனைப்படும்போது நீங்கள் மட்டும் அவனைப் பிழைக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே என்று உள்ளே ஒரு பொறாமை. அது வார்த்தையாக வெளியே வந்தது.

நீ வருவது நின்றுபோனது. வேறொரு அம்மாள் மீன் கொண்டுவந்தாள். பத்திரிகையை நானே கடையில் வாங்கினேன். நீ என் வீட்டில் விட்டுப்போன பழைய இதழ்களிலிருந்து கதைப் பக்கங்களைக் கிழித்து ஊசி நூலால் தைத்து வைத்தேன். வேறு சரித்திரக் கதைகளையும் தேடித்தேடி வாங்கினேன். பாண்டியன், பல்லவன், யார் என்றாலும் சரி. மேசையில் பிரெஞ்சு விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும். நான் ஒரு கோட்டை வாசலில் நின்றுகொண்டிருப்பேன். சத்தமாகப் படிப்பேன். சண்டையைச் சண்டை மாதிரி. கேட்க ஆளில்லாத வீட்டில் என் குரல் எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் நிறுத்த மாட்டேன். நடந்ததை மட்டும் நம்பிக்கொண்டிருந்த ஒருத்திக்கு இது எங்கிருந்து வந்தது? யாரிடம் கேட்பது? உன்னைத்தான் கேட்டிருப்பேன்.

பங்குனி வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை, நீ வந்தாய். கூடை இல்லை. உன் பின்னால் அஞ்சலை. அவள் நெற்றியில் பொட்டு இல்லை. அவன் வரவேயில்லை என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ உள்ளே வரவில்லை. கதவருகில் நின்றுகொண்டாய். அஞ்சலைதான் பேசினாள்.

"மதாம், நீலன் கரையேறுன எடம் இருக்குதாமே. அத எனக்குப் படிச்சிக் காட்டு. அக்கா வாயால கேட்டுட்டேன். எழுத்துல இருக்கறதக் கேக்கணும்."

உன்னைப் பார்த்தேன். நீ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

தைத்து வைத்திருந்த பக்கங்களை எடுத்துவந்து பிரித்தேன். கவிழ்ந்த படகின் படம் போட்ட பக்கம். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். அதைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படிக்க ஆரம்பித்தேன்.

"மூன்றாம் நாள் விடியும் வேளையில், ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் தட்டியது நீலனுக்கு. முதலில் அவன் அதை நம்பவில்லை. கையால் அள்ளிப் பார்த்தான். மணல்தான். உப்பில் வெந்த உதடுகளால் தன் ஊரின் பெயரைச் சொன்னான்."

அக்கா, எழுத்துக்கூட்டாமல் தமிழ் என் வாயிலிருந்து வந்த முதல் தடவை அதுதான். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வந்துகொண்டிருந்தது.

"கரையில யாராச்சும் இருந்தாங்களா?" என்றாள் அஞ்சலை.

"இருந்தார்கள்" என்று படித்தேன். "அவன் மனைவி இருந்தாள்."

"எங்க, எந்த எழுத்து? கரையேறினான்னு இருக்கிற எழுத்தக் காட்டு."

அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, ஏதோ ஒரு சொல்லின் மேல் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன். 'மூழ்கியது' என்ற சொல் அது. அவள் விரல் அதன் மேலேயே நின்றது. பிறகு மெதுவாக முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் நகர்ந்தது. அவள் அழுதாள். நானும் அழுதேன். நீ கதவருகில் மூக்கைச் சிந்தினாய்.

போகும்போது நீ கேட்டாய். "எழுத்துல அப்பிடித்தான் இருக்கா மதாம்?"

"அப்படித்தான் அக்கா இருக்கு."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாய். சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளியிலிருந்து கூடையோடு வந்தாய். வேறு கதைகள் படித்தோம். நாலு வருஷம். நீலனைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்றைக்கு நான் உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் நிஜமாகவே கரையேறினான், அடுத்த இதழில் அப்படி வந்தது என்று நீ நம்பிவிட்டாய் என்று. பல தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். உன் ஊரில் பட்டது போதும் என்று அடங்கிவிடுவேன்.

சித்திரையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சியோடு வந்தபோது உன் கட்டில் காலியாக இருந்தது. உன் ஊர்க்காரர்கள் காலையிலேயே தூக்கிப் போய்விட்டார்களாம். கஞ்சிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு படிக்கட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

கருமாதிக்கு வந்தேன். அஞ்சலைதான் எனக்குப் பாய் போட்டாள். இப்போது கூடை தூக்குவது அவள்தான். பேச்சுக்கு நடுவில், என்னால் அதற்கு மேல் சுமக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். "அஞ்சலை, அன்னிக்கு நான் படிச்சது எதுவுமே அதுல இல்ல. அக்காவையும் ஏமாத்திட்டேன், உன்னையும் ஏமாத்திட்டேன்."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அவங்கள யாரு ஏமாத்துறது? வழியெல்லாம் சொல்லிக்கிட்டுதான இட்டாந்தாங்க. அந்த மதாம் நல்லா படிக்கும்டி, அதுல இல்லாததயும் படிக்கும், ஒக்காந்து கேளுன்னாங்க."

நான் பாயில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்கும் ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் படிப்பு இருக்கு மதாம்" என்றாள். "வேகமா வராது. ஒவ்வொரு எழுத்தா வரும். நீ வெரல வச்ச எடத்துல மூழ்கியதுன்னு இருந்துச்சி."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ படிச்சிக்கிட்டிருந்தியே" என்றாள்.

ஏழு மாதமாக இதையே சுற்றிச்சுற்றி வருகிறேன் அக்கா. மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அழுதோம். இல்லாததை இல்லாதது என்று தெரிந்தே கேட்டால், அதற்குப் பெயர் என்ன? நான் அப்படிப் படிப்பேன் என்று நீ எப்படித் தெரிந்துகொண்டாய்? எனக்கே தெரியாதே. மணலில் உன்னைச் சபையில் பொய்க்காரியாக்கிவிட்டு வந்தவள் நான்.

என் கணவர் இப்போது பிரான்சில் ஓர் ஊரில் இருக்கிறார். பத்திரமாக இருக்கிறார். கப்பலுக்கு ஏற்பாடு செய்கிறேன், வந்துவிடு என்று எழுதியிருக்கிறார். இங்கே எல்லாரும் தாங்கள் இந்தியப் பிரஜையா, பிரெஞ்சுப் பிரஜையா என்று சர்க்காருக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவருக்கு வருகிறேன் என்றுதான் பதில் போட்டிருக்கிறேன். அந்த ஊரில் குளிர் அதிகமாம். தேவையானதை மட்டும் கொண்டுவா என்கிறார். எது தேவை என்று பிரித்து வைக்க உட்கார்ந்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

ஆனால் நான் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்று என்னோடு வரத்தான் போகிறது. அந்தப் பங்குனி வெயில், என் கைக்குள் இருந்த ஒரு பெண்ணின் விரல். எழுத்தைப் படித்துவிட்ட விரல் அது. படித்த பிறகும் பின்வாங்காமல், நான் சொல்லி முடிக்கும்வரை அந்தச் சொல்லின் மேல் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.